சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது: பழைய காரில் கோளாறு எங்கே?

தானா ராத்தா: நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய கார், இன்று காலை சாவியைத் திருகினால் அசைவதில்லை. பத்து நிமிடம் கழித்துத் திருகினால் ஒன்றும் நடக்காதது போல் கிளம்பிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே பத்து முறையும் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. “பேட்டரியை மாத்திப் பாருங்க” என்கிறார் ஒருவர். “ஸ்டார்ட்டர் போயிருக்கும்” என்கிறார் இன்னொருவர். பணம் போகிறது, கோளாறு போவதில்லை.

கேமரன் மலையில் இது பலருக்கும் தெரிந்த தொல்லை. தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் பல பத்தாண்டுகளாக உழைத்த லேண்ட் ரோவர்கள் இங்கே இன்னும் ஓடுகின்றன. 1985இல் அறிமுகமான புரோட்டோன் சாகாவின் பழைய வகைகளையும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலையும் நம்பியிருக்கும் குடும்பங்களும் உண்டு. தோட்டத்து வீட்டிலிருந்து நள்ளிரவில் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தால், அந்தக் கார் கிளம்பியே ஆக வேண்டும்.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு. கார் கிளம்பியதும் அதன் தடயமும் மறைந்துவிடும். ஆகவே யூகித்துப் பொருள்களை மாற்றுவதைவிட, கார் கிளம்பாத அந்த ஐந்து நிமிடத்திலேயே சோதித்துப் பார்ப்பதுதான் சரியான வழி.

இரண்டு மின் பாதைகள்

சாவியைத் திருகும்போது காரில் இரண்டு பாதைகள் வேலை செய்கின்றன. முதலாவது சிறிய பாதை. சாவி சுவிட்ச், ஆட்டோ கியர் வண்டியானால் கியர் சுவிட்ச், சில வண்டிகளில் ரிலே ஆகியவற்றைக் கடந்து ஒரு மெல்லிய வயர் சொலனாய்டைப் போய்ச் சேரும். சொலனாய்டு இழுத்ததும் இரண்டாவது பாதை திறக்கும். பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக நூறு ஆம்பியருக்கும் மேலான மின்சாரம் ஸ்டார்ட்டருக்குள் பாய்ந்து, இன்ஜின் உடம்பு வழியாக எர்த் கேபிளில் பேட்டரிக்கே திரும்பும். எந்தப் பாதையில் அடைப்பு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காதும் விளக்கும் போதும்

கார் கிளம்பாதபோது முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுங்கள்.

விளக்கு மங்கி, ‘டக டக டக’ என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பேட்டரியில் சக்தி குறைவு, அல்லது பேட்டரி முனைகள் சரியாகப் பிடிக்கவில்லை.

விளக்கு மங்காமல், சத்தமே இல்லாமல் இருந்தால் சிறிய பாதையைப் பாருங்கள். ஆட்டோ கியர் வண்டியில் கியரை ‘பி’யிலிருந்து ‘என்’னுக்கு மாற்றித் திருகும்போது கிளம்பினால், கியர் சுவிட்ச் மீது சந்தேகப்படலாம்.

விளக்கு பிரகாசமாக இருந்து, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் சொலனாய்டின் உட்தொடுப்பு தேய்ந்திருக்கலாம், ஸ்டார்ட்டர் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது இன்ஜின் எர்த் கேபிள் பழுதாகியிருக்கலாம். இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தனி எர்த் கேபிள் உண்டு. முன் விளக்கின் எர்த் வேறு வழியில் போகிறது. விளக்கு எரிவதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் அது வேறு கதை. ஸ்பார்க்கையும் எரிபொருளையும் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய பெட்ரோல் வண்டிகளில், பனி மூடிய காலையில் அதன் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்வது வழக்கமான காரணம்.

மீட்டர் சொல்வது

சில பத்து வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். அதை டிசி வோல்ட் அளவில் மட்டும் வையுங்கள். ஆம்பியர் அளவில் வைத்துப் பேட்டரியின் இரு முனைகளையும் தொடக் கூடாது.

இரவு முழுவதும் நின்ற காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமானது என்று கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் அல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது.

அடுத்த சோதனை பலரும் செய்யாதது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. இதையே பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் முனைக்கும் இடையே செய்து பார்க்கலாம்.

சாவியைத் திருகாமல் அளந்தால் இது தெரியாது. காய்கறித் தோட்டத்து ரப்பர் குழாய் மண் அடைத்துக் கிடந்தாலும், முனையை மூடி வைத்திருக்கும்போது அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் சொட்டுவது தெரியும். துருப்பிடித்த கேபிளும் அப்படித்தான்.

மலையின் குளிரும் ஏற்றமும்

ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் இரவுக் குளிர் நல்ல பேட்டரியைக் கொல்லாது. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த பேட்டரியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடப் பெரிய எதிரி ஈரம். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பதும், எர்த் கேபிள் போல்ட்டின் அடியில் துரு ஏறுவதும் ஈரத்தில் விரைவாக நடக்கும்.

தாப்பாவிலிருந்து ஏறி வந்து நிறுத்திய கார் உடனே கிளம்பாமல், ஆறிய பிறகு கிளம்பினால், சூட்டில் ஸ்டார்ட்டரோ சொலனாய்டோ தளர்வதாகக் கொள்ளலாம். காலையில் மட்டும் கிளம்பவில்லை என்றால் பேட்டரியையும், இரவில் மின்சாரம் கசிவதையும் பாருங்கள். பிற்பாடு பொருத்திய அலாரமும் ரேடியோவும் கசிவுக்கு அடிக்கடி காரணமாகின்றன.

சரிவில் நிறுத்தி, காரை உருளவிட்டுக் கிளப்புவது நம்மவர்களின் பழைய கைவசம். அவசரத்துக்கு அது உதவும். அதுவே பழக்கமானால் கோளாறு மாதக்கணக்கில் மறைந்தே இருக்கும். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கின் உதவி சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனக்கும். மலைச் சாலையில் இது ஆபத்து.

சோதிக்கும் முன் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். விசிறியையும் பெல்ட்டையும் விட்டுக் கை விலகியே இருக்கட்டும். பேட்டரி அருகே நெருப்பு வேண்டாம். 1960களின் பழைய லேண்ட் ரோவர்கள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த் என்பதால், வேறு வண்டியிலிருந்து வயர் கொடுக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாத வேலையை முதலில் செய்யலாம். எர்த் முனையை முதலில் கழற்றி, இரு பேட்டரி முனைகளையும் இன்ஜின் எர்த் கேபிளையும் பளபளப்பாகத் தேய்த்து இறுக்குங்கள். பிறகும் தொல்லை வந்தால், நேரம், மழையா வெயிலா, இன்ஜின் சூடா குளிரா, என்ன சத்தம், விளக்கு மங்கியதா, மீட்டர் என்ன காட்டியது என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு பட்டறைக்குப் போனால், கார் அங்கே ஒழுங்காகக் கிளம்பினாலும் எங்கே தொடங்குவது என்று போமனுக்குத் தெரிந்திருக்கும்.