முரசில் இரத்தமா? இருதயத்தையும் கவனியுங்கள்

பல் விளக்கும்போது முரசில் இரத்தம் கசிந்தால், "வெத்தலைச் சிவப்புதானே" என்று துப்பிவிட்டு மலைக்குப் போய்விடுகிறோம். பல்லிடுக்கு அழுக்கிலுள்ள கிருமிகள் புண்பட்ட முரசு வழியே இரத்தத்தில் கலக்கின்றன. முரசு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பு கூடுதலாகக் காணப்படுகிறது. அதுதான் காரணமென்று நிரூபிக்கப்படவில்லை. புகைத்தலும் சீனி வியாதியும் இரண்டையுமே கெடுக்கும்.

ஆனால் சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதானவர்கள் கதை வேறு. அந்தக் கிருமி வால்விலேயே ஒட்டி வளரலாம். காய்ச்சல் விடாது, மூச்சு வாங்கும், கவனிக்காவிட்டால் உயிருக்கே மோசம். இவர்கள் பல் பிடுங்குமுன் பல் டாக்டரிடம், "எனக்கு வால்வுக் கோளாறு இருக்குங்க" என்று கட்டாயம் சொல்லணும். தேவையென்றால் முன்கூட்டியே மருந்து தருவார்.

இரத்தம் வருதே என்று பல் விளக்குவதை நிறுத்தாதீர்கள். கரித்தூள் வேண்டாம், மெதுவான பிரஷ், ராத்திரியிலும் ஒரு தடவை. இரண்டு கிழமையில் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.