காதை அடைத்தால் பேச்சுக் கேட்குமா?

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் 13ஆம் காம்பவுண்டில் கால் வைத்ததும் வேறோர் உலகம். பழைய பிளாஸ்டிக்கை அரைத்துத் துண்டாக்கும் இயந்திரங்கள் பகலெல்லாம் அலறும். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த என் மாமா, இருபது ஆண்டுகளாக அத்தகைய இயந்திரம் ஒன்றின் அருகே நிற்கிறார். வகுப்பில் ஒலியியல் படித்த உற்சாகத்தில், நுரைப்பஞ்சினால் ஆன காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"வேண்டாம் மருமவனே. இத அடைச்சுக்கிட்டா, 'கைய எடு'ன்னு பக்கத்துல நிக்கவன் கத்துனாக்கூட எனக்குக் கேக்காது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறேன்.

நண்பர்களே, அன்று நான் அவரிடம் சொன்ன கணக்கு இதுதான். இயந்திரத்தின் இரைச்சல் 95 டெசிபெல் என்று கொள்வோம். அருகில் நின்று கத்துபவரின் குரல் 97. அடைப்பான் 20 டெசிபெல் குறைத்தால், இரைச்சல் 75 ஆகும். குரல் 77 ஆகும். தராசின் இரண்டு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுத்தால் முள் நகருமா? பேச்சு விளங்குவதற்கு வேண்டியது குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. அது அப்படியே இருக்கிறது. மேலும், பேரிரைச்சலில் காதே திணறி ஒலியைச் சிதைத்து வாங்குகிறது. சுமை குறைந்தால் அது தெளிவாக வேலை செய்யும். கிரைட்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1946இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டிற்று: மிகுந்த இரைச்சலில், நல்ல காது உடையவர்க்கு அடைப்பானால் பேச்சு விளங்குவது குறையவில்லை, கூடவும் செய்தது. அமைதியான இடத்திலோ அடைப்பான் தடையே.

கணக்கு சரி. ஆனால் 'நல்ல காது உடையவர்க்கு' என்ற சொற்களை நான் மறந்துவிட்டேன்.

பாந்திராவில் 1983இல் தோன்றிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்துக்கு மாமாவை அழைத்துப்போனேன். செவிச் சோதனையின் வரைபடத்தில் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சல் முதலில் அரிப்பது அந்தப் பகுதியைத்தான். உட்செவியின் மயிரணுக்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இதனால் என்ன கெடும்? பட்டம், சட்டம், கட்டம் என்று சொல்லிப் பாருங்கள். வேறுபாடு முதல் மெய்யில் மட்டுமே. உயிரொலிகள் வலியவை, தாழ்ந்த அதிர்வின. மெய்யொலிகளிற் பல மெலியவை, உயர்ந்த அதிர்வின. மாமாவின் காது இழந்தது அந்த உயர்ந்த அதிர்வுகளை. சாதாரண அடைப்பானும் அவற்றையே அதிகம் தடுக்கிறது. எஞ்சியதும் அவர் காதின் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. மாமா சொன்னது அறியாமையன்று, அநுபவம்.

இன்னொன்றும் உண்டு. இரைச்சலில் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். 1911இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எடுத்துக்காட்டினார். காதை அடைத்தவருக்கோ இரைச்சல் குறைந்து தோன்றும். தம் குரல் மண்டைக்குள் முழங்கும். ஆகவே குரலைத் தாழ்த்திவிடுவார். இருவரும் அடைத்திருந்தால், முயன்று உரக்கப் பேச வேண்டும்.

அப்படியானால் மாமா வெறுங்காதுடன் நிற்பதா? கூடாது; எஞ்சியதும் போய்விடும். எல்லா அதிர்வுகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் அடைப்பான்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைச் செவி வல்லுநர் தேர்ந்து கொடுத்தார். எச்சரிக்கையைக் காதுக்கு மட்டும் விடாமல் கண்ணுக்கும் மாற்றினோம்: இயந்திரத்தின் மேல் ஒரு சிவப்பு விளக்கு, தோழர்களிடையே நான்கு கைச்சைகைகள். உயர்த்திய உள்ளங்கை என்றால் 'நிறுத்து'.

இரைச்சலால் வரும் செவிக்கேடு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் பட்டியல் காதைக் காக்காது. செம்பூரிலும் தாராவியிலும் நம் உறவினர் எத்தனை பேர் பட்டறைகளில் நிற்கிறார்கள்! நம்மில் சிலர் நாளை ஆலைகளில் பொறியாளராகப் போவோம். புதிதாக வேலைக்கு வரும் இளைஞனுக்கு முதல் நாளே அடைப்பானைக் கொடுங்கள். அவன் ஒரு சொல்லையும் இழக்கமாட்டான். இருபது ஆண்டு நின்றவருக்குக் கொடுக்குமுன் அவர் காதைச் சோதியுங்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள்.

கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்பார்கள். காதுக்கும் அதே பழமொழிதான்.