முடுக்கியில் வெற்றிடம் குன்றினால் காரணம் காண்பது எப்படி?

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம் உள்ளது. அங்கு இயங்கும் ‘இண்டஸ்-2’ 172.5 மீட்டர் சுற்றளவுள்ள எலக்ட்ரான் வளையமாகும். 2005-ஆம் ஆண்டில் இதிலிருந்து முதன்முதலாக ஒளி பெறப்பட்டது. 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெற்ற எலக்ட்ரான்கள் நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சம் முறை இவ்வளையத்தைச் சுற்றுகின்றன. அவை வெளியிடும் எக்ஸ் கதிர்களே ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

எலக்ட்ரான்கள் பல மணி நேரம் நிலைத்துச் சுழல வேண்டுமாயின் குழாயினுள் வாயு மூலக்கூறுகள் மிக அரிதாக இருத்தல் வேண்டும். வளிமண்டல அழுத்தத்தின் லட்சம் கோடியில் ஒரு பங்கை ஒட்டிய அழுத்தம் இத்தகைய வளையங்களுக்குத் தேவைப்படுகிறது. அழுத்தம் உயர்ந்தால் எலக்ட்ரான்கள் மூலக்கூறுகளுடன் மோதிச் சிதறுகின்றன. கற்றையின் ஆயுள் குறைகிறது.

அழுத்தம் உயர்ந்ததும் கசிவு என்று முடிவு செய்துவிடலாகாது. முதற்கண், அளவுமானியே பழுதுபட்டிருக்கலாம். அருகிலுள்ள மானிகளும், அயனி பம்புகளில் பாயும் மின்னோட்டமும் அதே உயர்வைக் காட்டுகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, கற்றையை நிறுத்திப் பார்க்கலாம். உடனே அழுத்தம் தணியுமாயின், கதிர்கள் குழாய்ச் சுவரில் பட்டு அங்கு ஒட்டியிருந்த வாயுவை விடுவித்தமையே காரணமாக இருக்கக்கூடும். தணியாவிடில், அடைப்பிதழ்களை மூடி ஒவ்வொரு பகுதியையும் தனிமைப்படுத்தலாம். பம்பை நிறுத்திய பின் அழுத்தம் சீராக ஏறிக்கொண்டே சென்றால் கசிவு என்றும், ஏறிப் பின் மட்டுப்பட்டால் சுவரிலிருந்து வாயு வெளிப்படுகிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம்.

எஞ்சிய வாயுவைப் பகுத்தறியும் கருவி மேலும் தெளிவு தரும். நிறை எண் 18 நீராவியைக் குறிக்கும். 28 நைட்ரஜனாகவும் இருக்கலாம். கார்பன் மோனாக்சைடாகவும் இருக்கலாம். அதனுடன் 14 உயர்ந்தால் நைட்ரஜன், 12 உயர்ந்தால் கார்பன் மோனாக்சைடு எனக் கருதலாம். ஆக்சிஜனை டைட்டானியம் பம்புகள் எளிதில் உட்கொண்டுவிடுவதால், காற்றுக் கசிவுக்கு நிறை எண் 40 உடைய ஆர்கானே நம்பத்தக்க சான்றாகும்.

கசிவு உறுதியானால், இணைப்புகளின் வெளிப்புறத்தில் ஹீலியத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஐந்து பங்கே இருப்பதால், கருவி அதைக் காட்டியவுடன் கசியும் இடம் புலப்படும்.

இவ்வரிசை முறைக்குத் தக்க காரணம் உண்டு. குழாயைத் திறந்தவுடன் காற்றிலுள்ள ஈரம் சுவரில் படிகிறது. அதை அகற்றச் சூடேற்றிப் பல நாட்கள் வாயுவை வெளியேற்ற வேண்டியிருக்கும். ஆய்வாளர்களின் பணி அதுவரை தடைப்படும். தவறான முடிவுடன் திறப்பது இருமடங்கு இழப்பாகும். எனவே, முடுக்கி நன்கு இயங்கும் காலத்திலேயே அழுத்தத்தையும் வாயுக்களின் விகிதத்தையும் நாள்தோறும் பதிவு செய்தல் இன்றியமையாதது. படிப்படியாக நேரும் சீர்கேட்டை அப்பதிவேடே முன்கூட்டி உணர்த்தும்.