படத்துக்கும் உரிமையாளர் உண்டு
குறைந்த செலவில் நிழற்படங்களைப் பெறுவதும், உரிம நிபந்தனைகளைப் புரிந்துகொள்வதும்

புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள், ஆலயங்கள், ஊர்ச் சங்கங்கள், வர்த்தக நிலையங்கள் யாவும் இன்று ஏதோவொரு வகையில் வெளியீட்டாளர்களாகிவிட்டன. ஆண்டு மலர், விழா அழைப்பிதழ், துண்டுப்பிரசுரம், நாட்காட்டி, இணையத்தளம் என்று எதைச் செய்தாலும் அதற்குப் படம் வேண்டும். கணனித் திரையில் தேடினால் ஒரு நொடியில் ஆயிரம் படங்கள் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்துப் பதித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பதே எம்மிற் பலரது வழக்கம்.

சில மாதங்கள் கழித்து ஒரு சட்டத்தரணியின் கடிதம் வரும்போதுதான் அப்படத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டென்பது தெரியவருகிறது. கடிதத்திற் கேட்கப்படும் தொகை, முறைப்படி வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவிலும் பன்மடங்காக இருப்பதுண்டு. அங்கத்தவர்களின் சந்தாவில் இயங்கும் ஒரு சிறு சங்கத்துக்கு இது தாங்கமுடியாத அடி.

பாடசாலை என்றாலும் விலக்கில்லை

“நாம் இலாபத்துக்காகச் செய்யவில்லையே” என்ற வாதம் எம்மவரிடையே அடிக்கடி கேட்கிறது. ஜேர்மனியில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதற்குத் தக்க பதிலாக அமைந்தது. ஸ்பானிய நகரான கோர்டோபாவின் படமொன்றை, ஒரு பயண இணையத்தளத்திலிருந்து ஒரு மாணவர் எடுத்துத் தமது பாடசாலை ஒப்படையிற் சேர்த்தார். படம் எங்கிருந்து பெறப்பட்டது என்பதையும் குறிப்பிட்டிருந்தார். அவ்வொப்படை பாடசாலையின் இணையத்தளத்தில் ஏற்றப்பட்டது. படப்பிடிப்பாளர் அந்தப் பயணத் தளத்துக்கு மட்டுமே அனுமதி வழங்கியிருந்ததால் வழக்குத் தொடுத்தார். இணையத்திற் தடையின்றிக் காணக்கூடிய படமாயினும், வேறொரு தளத்தில் மீண்டும் ஏற்றுவதற்குப் புதிய அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018 ஓகஸ்ட் 7ஆம் நாள் தீர்ப்பளித்தது.

சுவிற்சர்லாந்தில் வாழ்வோரும் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். அங்கு முன்னர் தனித்தன்மையுள்ள நிழற்படங்களுக்கே பதிப்புரிமைப் பாதுகாப்பு இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல், யாரும் எடுக்கக்கூடிய சாதாரணப் படங்களும் எடுக்கப்பட்ட நாளிலிருந்து 50 ஆண்டுகளுக்குப் பாதுகாக்கப்படுகின்றன.

படங்களை விற்கும் களஞ்சியங்கள்

படங்களைத் திரட்டி வைத்து, பயன்படுத்தும் உரிமையை விற்பது நீண்டகாலத் தொழில். இதன் வரலாற்றில் ஓர் அகதியின் பெயரும் உண்டு. பேர்லினில் நூலகப் பொறுப்பாளராக இருந்த ஒற்றோ பெட்மன் என்ற யூதரை 1933இல் நாசி ஆட்சி பதவிநீக்கியது. 1935இல் அவர் படங்கள் நிறைந்த பெட்டிகளுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். நியூயோர்க்கில் அவர் தொடங்கிய பெட்மன் களஞ்சியம் உலகின் மிகப் புகழ்பெற்ற படத் தொகுப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. 1995இல் பில் கேற்ஸின் கோர்பிஸ் நிறுவனம் அதனை வாங்கியது.

விலையைச் சாதாரண மக்களின் கைக்கெட்டும் அளவுக்கு இறக்கியது இணையமே. கனடாவின் கல்கரி நகரில் 2000ஆம் ஆண்டு தோன்றிய ஐஸ்டொக்போட்டோ, சில டொலர்களுக்குப் படம் விற்கும் முறையைப் பரப்பியது. 2003இல் நியூயோர்க்கில் உருவான ஷட்டர்ஸ்டொக் சந்தா முறையைப் பிரபலமாக்கியது. இன்று பெயர்கள் பலவாயினும் உரிமையாளர்கள் சிலரே. கெற்றி இமேஜஸ் நிறுவனம் 2006இல் ஐஸ்டொக்போட்டோவையும், 2021இல் அன்ஸ்பிளாஷையும் வாங்கியது. பிக்ஸபே, பெக்ஸெல்ஸ் இரண்டையும் 2019இல் கன்வா வாங்கியது. ஒரே படப்பிடிப்பாளர் ஒரே படத்தைப் பல களஞ்சியங்களில் வெவ்வேறு விலைக்கு வைத்திருப்பதும் வழக்கம். எனவே பிடித்த படத்தைக் கண்டதும் பணங்கட்டிவிடாது, வேறிடத்திலும் உண்டா என்று தேடிப் பார்ப்பது நன்று.

சொற்களின் உண்மைப் பொருள்

இக்களஞ்சியங்களில் அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படும் சொல் ‘றோயல்ரி ஃபிறீ’ என்பதாகும். இது இலவசம் என்று பொருள்படாது. ஒருமுறை பணம் செலுத்தினால், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் மீண்டும் செலுத்தத் தேவையில்லை என்பதே அதன் பொருள். அதற்கும் எல்லைகள் உண்டு. ஷட்டர்ஸ்டொக், ஐஸ்டொக் போன்றவற்றின் சாதாரண உரிமம் 5 இலட்சம் அச்சுப் பிரதிகள் வரை செல்லும். எமது ஆண்டு மலர்களுக்கு இது தாராளம். ஆனால் அப்படத்தையே சிறப்பாகக் கொண்ட மேற்சட்டை, கோப்பை, நாட்காட்டி ஆகியவற்றை விற்பதாயின் விரிவுபடுத்தப்பட்ட உரிமம் வேண்டும். அதன் விலை பன்மடங்கு. சங்கத்தின் இலச்சினையாகப் பதிவுசெய்வதற்குப் பொதுவாக எவ்வுரிமமும் இடந்தராது.

‘எடிற்றோரியல்’ என்று குறிக்கப்பட்ட படங்கள் செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டுமே உரியவை. ஒரு நடிகரின் படத்தை விமர்சனத்துடன் இடலாம். நகைக்கடை விளம்பரத்தில் இடமுடியாது.

படத்தில் மனிதர் இருந்தால் அவரது எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். 2013இல் நியூயோர்க்கில், எயிட்ஸ் கிருமித் தொற்று உள்ளவராகச் சித்திரிக்கும் அரச விளம்பரம் ஒன்றிற் தமது படத்தைக் கண்ட பெண்ணொருவர் வழக்குத் தொடுத்தார். அவருக்கு அந்நோய் இல்லை. அவரது சம்மதமும் பெறப்பட்டிருக்கவில்லை. நோய், கடன், குடும்ப வன்முறை, திருமண சேவை ஆகியவை பற்றிய பிரசுரங்களில் முகந்தெரியும் படங்களைத் தவிர்ப்பதே நலம்.

பாரிஸ் வாழ் மக்களுக்கு ஒரு குறிப்பு: 1889இல் எழுந்த ஈபிள் கோபுரத்தின் பகற்படத்துக்குத் தடையில்லை. ஆனால் இரவு ஒளியமைப்புக்குத் தனி உரிமை கோரப்படுவதால், வர்த்தக விளம்பரத்தில் இரவுப் படத்தை இடுவதற்கு நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படும்.

பணத்தை மிச்சப்படுத்தும் வழி

முதலில் ஆண்டொன்றுக்கு எத்தனை படங்கள் தேவை என்று கணக்கிட வேண்டும். வருடத்துக்கு ஒரு மலரும் இரு அழைப்பிதழ்களும் வெளியிடும் சங்கத்துக்குத் தனிப்படமாக வாங்குவதே இலாபம். வாரந்தோறும் விளம்பரம் வடிவமைக்கும் அச்சகத்துக்குச் சந்தா பொருந்தும்.

சந்தாவில் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். அது தானாகவே புதுப்பிக்கப்படுமா? பயன்படுத்தாத படங்களின் எண்ணிக்கை அடுத்த மாதத்துக்குச் செல்லுமா, அழிந்துபோகுமா? இடையில் நிறுத்தினால் தண்டப்பணம் உண்டா? ‘மாதக் கட்டணம்’ என்று காட்டப்படுவது, ஓராண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையிற் செலுத்துவதாகவே பல வேளைகளில் இருக்கும். இத்தகைய திட்டமொன்றில் நிறுத்தற் கட்டணத்தை மறைத்ததாகக் குற்றஞ்சாட்டி, அமெரிக்க அரசு 2024 யூனில் அடோபி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

இலவசமும் நிபந்தனையும்

செலவின்றிப் பெறவும் நேர்மையான வழிகள் உண்டு. அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸபே ஆகியன தமது சொந்த நிபந்தனைகளுடன் இலவசமாகத் தருகின்றன. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா கொமன்ஸில் எமது தாயகத்தின் கோவில்கள், கடற்கரைகள், பனந்தோப்புகள் ஆகியவற்றின் படங்களும் கிடைக்கின்றன. அங்குள்ள பெரும்பாலானவை கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமங்களுடன் வருகின்றன. அவற்றில் நான்கு நிபந்தனைகள் உண்டு: ‘பிவை’ எனில் எடுத்தவர் பெயரைக் குறிப்பிடவேண்டும், ‘எஸ்ஏ’ எனில் மாற்றியமைத்த படத்தையும் அதே உரிமத்தில் வழங்கவேண்டும், ‘என்சீ’ எனில் வர்த்தகப் பயன்பாடு கூடாது, ‘என்டீ’ எனில் மாற்றம் செய்து வெளியிடக்கூடாது. கடை விளம்பரங்கள் நிறைந்த ஆண்டு மலர் வர்த்தகமா, இல்லையா என்பது வாதத்துக்குரியது. ஆகவே அத்தகைய மலர்களில் ‘என்சீ’ படங்களை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

பெயர் குறிப்பிடத் தவறுவது எம்மிடையே காணப்படும் பெருங்குறை. 2013இல் வெளியான நான்காம் பதிப்பு உரிமத்தில், தவறு தெரிந்த 30 நாட்களுக்குள் திருத்தினால் உரிமம் மீளக் கிடைக்கும். முந்திய பதிப்புகளில் அச்சலுகை இல்லை.

எதை எங்கே பெற்றாலும், பற்றுச்சீட்டையும், உரிமப் பக்கத்தின் பிரதியையும், பதிவிறக்கிய திகதியையும் ஒரு கோப்பில் இட்டு வைக்க வேண்டும். கடிதங்கள் எல்லாம் சரியானவை அல்ல. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் கரோல் ஹைசிமித் தமது படங்களைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு வழங்கியவர். தாம் எடுத்த படத்தையே தமது அமைப்பின் தளத்தில் இட்டதற்காக, 2015இல் 120 டொலர் கேட்டு அவருக்கே கடிதம் வந்தது! எனவே கடிதம் கண்டதும் பயந்து பணங்கட்டவும் கூடாது. குப்பையில் எறியவும் கூடாது. படத்தை உடனே அகற்றி, கோப்பைப் பார்த்து, சட்டம் அறிந்தவரிடம் காட்டிய பின்னரே பதில் எழுதவேண்டும்.

எமது படங்களும் உடைமையே

இவ்வுரிமை பிறருக்கு மட்டும் உரியதன்று. எமது விழாக்களையும், ஊர்களையும், இழந்துபோன வீடுகளையும் படமெடுத்த எம்மவர் பலரது படங்கள் இன்று பெயரின்றிக் கைமாறித் திரிகின்றன. எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்ற விபரம் தொலைந்த படம், சில ஆண்டுகளிற் சாட்சியம் என்ற தகுதியையும் இழந்துவிடுகிறது. அடுத்த மலரைத் தொகுக்கும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவரின் பெயரையும் ஆண்டையும் ஒரு சிறு வரியில் அச்சிடுவோம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. நாளை எமது பிள்ளைகள் அப்பக்கங்களைப் புரட்டும்போது, அந்த ஒரு வரிதான் அவர்களுக்கு வழிகாட்டும்.