சுமைகூலியையும் கணக்கிடுவோம்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது பழமொழி. இது கடைத்தெருவிற்கு மட்டுமன்று, இன்று நம் இல்லங்களில் பலர் ஆர்வத்துடன் தொடங்கும் வலைப்பூவிற்கும் பொருந்தும். கதை எழுதும் மாணவிக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும், சமையற் குறிப்புகளைத் தொகுக்கும் இல்லத்தரசிக்கும் தம் எழுத்தை வைக்க இணையத்தில் ஓர் இடம் தேவைப்படுகிறது. அவ்விடத்திற்கு மாத வாடகை எவ்வளவு? விளம்பரத்திற் காணும் தொகைதான் முழுத் தொகையா? சற்று ஆராய்வோம்.

எதற்காகக் கட்டணம்?

2003இல் வெளிவந்த வோர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் எவர்க்கும் இலவசமே. எனினும் அதனை இயக்க, இரவும் பகலும் விழித்திருக்கும் கணினி ஒன்று வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்தல், எழுத்துக்களுக்கு நகல் எடுத்து வைத்தல், தீயோர் ஊடுருவாது காத்தல் ஆகிய பணிகளும் உள. இவற்றைத் தாமே ஏற்றுச் செய்யும் நிறுவனங்களுக்கே நாம் மாதக் கட்டணம் செலுத்துகிறோம். நம் நேரத்திற்கும் மதிப்பு உண்டாதலின் இது வீண் செலவன்று.

மூவகைக் கணக்கு

முதலாவது, நிலையான கட்டணம். வோர்ட்பிரஸ்.காம் நிறுவனத்தின் தொடக்கநிலைக் கட்டணம் 2024இல் மாதம் 4 டாலர். ஆனால் ஓராண்டுக்குரிய 48 டாலரையும் ஒருங்கே செலுத்துவோர்க்குத்தான் இச்சலுகை. மாதந்தோறும் செலுத்துவோர்க்கு 9 டாலர். ஆண்டிற்கு 108 டாலர்!

இரண்டாவது, வாசகர் தொகைக்கேற்ப உயரும் கட்டணம். கோஸ்ட் நிறுவனம் 2024இல் 500 உறுப்பினர் வரை, ஆண்டுக்கு ஒருமுறை செலுத்துவோரிடம், மாதம் 9 டாலர் வீதம் பெற்றது. உறுப்பினர் பெருகினால் கட்டணமும் பெருகும். ஆயினும் எழுதுவோர் பெறும் சந்தாவில் அந்நிறுவனம் பங்கு கேட்பதில்லை.

மூன்றாவது, வருவாயில் பங்கு. 2017இல் தோன்றிய சப்ஸ்டாக் நிறுவனத்தில் எழுதத் தொடங்குவதற்கு மாதக் கட்டணம் இல்லை. வாசகர் செலுத்தும் சந்தாவில் 10 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. பத்துப் பேர் மாதம் 5 டாலர் வீதம் செலுத்தினால் அதன் பங்கு 5 டாலர். நூறு பேராயின் 50 டாலர். தொடக்கத்தில் இலகுவாயிருக்கும் இவ்வழி, வாசகர் பெருகியபின் பாரமாகலாம்.

மறைந்திருக்கும் செலவுகள்

வலைப்பூவிற்குத் தனி முகவரி வேண்டுவோர் அதனை ஆண்டுதோறும் பணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். முதலாண்டில் அதனை இலவசமாகத் தரும் திட்டங்கள், இரண்டாம் ஆண்டு முதல் கட்டணம் கேட்கும். டாலரில் செலுத்துவோர்க்கு நாணய மாற்றுச் செலவும் சேரும். ஆகவே ஒரு மாதத் தொகையைப் பாராது, ஈராண்டுச் செலவு முழுவதையும் கூட்டி, 24 ஆல் வகுத்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடாகும்.

பணத்தினும் பெரிய இழப்பு

2003 முதல் கட்டணம் பெற்று நடந்துவந்த டைப்பேட் என்னும் சேவை, மூடப்போவதாக 2025 ஆகஸ்டு இறுதியில் அறிவித்து, செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதமே அவகாசம். அதற்குள் நகல் எடுக்காதவர்களுக்கு, ஆண்டுக்கணக்கில் அங்கே எழுதி வைத்தவற்றைத் திறக்கும் வழி அடைபட்டது. செலுத்திய கட்டணம் அவ்வெழுத்தைக் காக்கவில்லை.

எனவே எந்நிறுவனத்தை நாடினும், 'என் எழுத்துக்கள் யாவற்றையும் நான் எடுத்துச் செல்ல இயலுமா?' என்பதே நம் முதல் வினாவாக இருத்தல் வேண்டும். மேற்கூறிய மூன்றிலும் அவ்வசதி உண்டு. வருவாயை எதிர்பாராது எழுதுவோர்க்கு, கூகுள் நிறுவனத்தின் பிளாகர் போன்ற இலவச இடமே போதும். ஆனால் இலவசமாயினும் கட்டணமாயினும், திங்களுக்கு ஒருமுறை நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தைக் கற்பிப்போம். வாடகை வீடு மாறலாம். அதில் நாம் சேர்த்த செல்வம் நம்மோடு வரவேண்டுமன்றோ!