முந்திரிகைப் பள்ளத்தாக்கில் ஒரு சரளைப் பாதை

ஒரு புகையிரதப் பாதை கைவிடப்பட்ட பின்னர் அந்த நிலம் என்னவாகிறது? தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோகும். சிலிப்பர்க் கட்டைகள் வேலிக் கம்பங்களாகும். அயலிலுள்ள தோட்டக்காரர் தமது எல்லையைச் சற்றே நகர்த்துவார். அவருக்கு அடுத்தவரும் அவ்வாறே செய்வார். சில ஆண்டுகளில், புகைவண்டி போன வழி முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சி நிற்கும். உலகின் பல பாகங்களிலும் கண்ட காட்சி இது. தென் அவுஸ்திரேலியாவிலுள்ள கிளெயர் பள்ளத்தாக்கு மக்கள் இம்முடிவை ஏற்காது வேறொரு வழியைத் தேர்ந்தனர். அவர்கள் செய்தது யாது, அதனால் விளைந்த பயன் யாது என்பதை இங்கு நோக்குவோம்.

கிளெயர் பள்ளத்தாக்கு, அடிலெயிட் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. நாஜுரி என்னும் ஆதிக்குடிகளின் பூமி அது. பெயர் பள்ளத்தாக்கு எனினும், அதன் தோட்டங்களிற் பல கடல்மட்டத்துக்கு 400 மீற்றருக்கும் மேலான உயரத்தில் அமைந்தவை. பகலில் வெயில் காயும். இரவில் குளிர் இறங்கும். இவ்விரண்டும் மாறி மாறி வருவதால், ஜேர்மனியின் றைன் நதிக்கரையைத் தாயகமாகக் கொண்ட றீஸ்லிங் என்னும் வெண்முந்திரிகை அங்கு புளிப்புச் சுவை குன்றாது நன்கு விளைகின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் முந்திரிகைக் கொடியைப் பந்தலிற் படரவிடுவர். கிளெயரிலோ, நாட்டிய கம்பங்களுக்கிடையே கம்பி கட்டி, நேர் வரிசைகளாக வளர்க்கின்றனர். நமது மாசி, பங்குனி மாதங்கள் அங்கே கோடையின் பிற்பகுதியும் இலையுதிர் காலத்தின் தொடக்கமுமாகும். அறுவடைக் காலமும் அதுவே.

இப்பள்ளத்தாக்கில் முதலில் ஓடியவை மாட்டு வண்டிகளே. 1845ஆம் ஆண்டில் வடகிழக்கே பறா என்னுமிடத்திற் செப்புக் கனியம் கண்டெடுக்கப்பட்டதும், அதனைத் துறைமுகத்துக்கு ஏற்றிச் சென்ற வண்டிகள் பள்ளத்தாக்கின் தென்கோடியிலுள்ள ஓபர்ன் என்னும் ஊரில் இளைப்பாறிச் சென்றன. புகையிரதம் வந்து சேர அதன்பின் நெடுங்காலம் ஆயிற்று. தெற்கேயுள்ள றிவர்ட்டனிலிருந்து புறப்பட்ட பாதை 1918இல் கிளெயர் நகரை அடைந்தது. 1922இல் வடக்கே ஸ்போல்டிங் வரை நீண்டது. தானியமும் கம்பளியும் முந்திரிகை மதுவும் அவ்வழியே சென்றன. பின்னர் லொறிகள் பெருகின. புகைவண்டிக்குரிய சுமை குறைந்தது. இறுதி அடியைக் கொடுத்தது நெருப்பு. 1983ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி, கிறித்தவர் சாம்பற் புதன் என அனுட்டிக்கும் நாளில், தென் அவுஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் மூண்ட காட்டுத்தீ 75 உயிர்களைக் கவர்ந்தது. கிளெயர் பள்ளத்தாக்கிலும் பரவிய அத்தீயினாற் பாதை பெருஞ்சேதமுற்றது. அதன்பின் அது சீர்செய்யப்படாது கைவிடப்பட்டது.

முக்கியமான வினா இங்கேதான் எழுந்தது. புகையிரத நிலம் நீண்ட நாடா போன்றது. அகலமோ சில மீற்றர்தான். அதைத் துண்டு துண்டாக விற்றால் ஒவ்வொரு துண்டுக்கும் அற்ப விலையே கிடைக்கும். வாங்கியவருக்கு இரண்டொரு வரிசைக் கொடிகள் கூடுதலாக நட இடமாகும், அவ்வளவே. ஆனால், ஒருமுறை துண்டாடப்பட்ட நிலத்தை மீண்டும் ஒன்று சேர்ப்பது எளிதன்று. இடையில் ஒருவர் மறுத்தாலும் வழி அறுந்துபோகும். முந்திரிகைச் செய்கையாளர் சிலரும் ஊரவர் சிலரும் இதனை உணர்ந்து, நிலம் பொதுவுடைமையாகவே இருக்கவேண்டும் என்றும், நடப்போரும் துவிச்சக்கரவண்டி ஓட்டுவோரும் அதனைப் பயன்படுத்தவேண்டும் என்றும் முயன்றனர். 1990களில் பகுதி பகுதியாக வேலை நடந்தது. அவ்வாறு உருவானதே றீஸ்லிங் பாதை. ஓபர்னில் தொடங்கி, கிளெயரைக் கடந்து, வடக்கே பரீனியா வரை செல்லும் இப்பாதை 30 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. பின்னர் றிவர்ட்டனிலிருந்து ஓபர்ன் வரையுள்ள 19 கிலோமீற்றர் பகுதியும் இவ்வாறே திருத்தப்பட்டு அதனுடன் இணைந்தது.

பழைய புகையிரதப் பாதை மிதிவண்டிக்கு ஏன் இத்துணை பொருத்தமாகின்றது? இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போது பிடிமானம் மிகக் குறைவு. ஆகவே, செங்குத்தான ஏற்றத்திற் புகைவண்டி ஏறமாட்டாது. நூறு அடி தூரத்துக்கு இரண்டு அடி உயர்ந்தாலே அதனைப் பெரிய ஏற்றமெனப் பொறியியலாளர் கருதுவர். எனவே அவர்கள் மேட்டை வெட்டினர். பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பினர். குன்றைச் சுற்றி வளைந்து சென்றனர். அன்று நீராவி இயந்திரத்துக்காகப் பட்ட பாடு, இன்று பத்து வயதுச் சிறுவனுக்கும் எழுபது வயது முதியவருக்கும் பயன்படுகின்றது. தெற்கிலிருந்து வருவோரும் வடக்கிலிருந்து வருவோரும் நடுப்பகுதியிலுள்ள மேட்டைத் தாம் ஏறுவதை அறியாமலே ஏறிவிடுவர். இறங்கும்போதுதான் ஏறியது தெரியும்.

பாதையின் மேற்பரப்பு தாரன்று, சரளை. தண்டவாளத்தைத் தாங்கிய பெருங்கற்கள்மீது வண்டி ஓட்ட இயலாது. அதனால், நொறுக்கிய சிறுகல்லையும் கற்றூளையும் கலந்து பரப்பி, உருளையால் அழுத்துவர். தூள் கற்களுக்கிடையே புகுந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். நடுப்பகுதி சற்று உயர்ந்திருந்தால் மழைநீர் இரு மருங்கும் வழிந்தோடும். நீர் தேங்கினால் சரளை அரிக்கப்படும். இத்தகைய பாதைக்கு ஓட்டப்பந்தய வண்டியின் ஒடுங்கிய தயர் உகந்ததன்று. 35 மில்லிமீற்றருக்குக் குறையாத அகலமுள்ள தயர், சற்றே குறைந்த காற்றழுத்தத்துடன், கல்லின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். தென் அவுஸ்திரேலியாவில் நெருஞ்சி முள்ளும் உண்டாதலால், ஒட்டுப் போடும் சாமான்களையும் காற்றுப்பம்பையும் உடன் கொண்டுசெல்வது அறிவுடைமை.

வழியில் வரும் ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. ஓபர்ன், கவிஞர் சீ. ஜே. டெனிஸ் 1876இற் பிறந்த ஊர். அதன் புகையிரத நிலையம் பின்னாளில் முந்திரிகை மது விற்பனைக் கூடமாக மாற்றப்பட்டது. அப்பால் வாட்டர்வேல், அதனை அடுத்துப் பென்வேர்தம். அங்குள்ள சிறு தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜோன் ஹொறொக்ஸ் என்னும் இளைஞர் துயில்கின்றார். வடதிசை நிலங்களை ஆராயப் புறப்பட்ட அவர், அவுஸ்திரேலிய ஆராய்ச்சிப் பயணமொன்றில் முதன்முதலாக ஒட்டகத்தைப் பயன்படுத்தியவர். 1846இல் அந்த ஒட்டகம் திடீரென அசைந்தபோது அவரது துப்பாக்கி வெடித்து அவரையே காயப்படுத்தியது. ஊருக்குக் கொண்டுவரப்பட்ட அவர் சில வாரங்களில், 28ஆம் வயதிற் காலமானார். அதற்கும் வடக்கே செவன்ஹில். 1851இல் ஒஸ்திரியாவிலிருந்து வந்த இயேசுசபைக் குருமார் அங்கே நிலம் வாங்கி, திருப்பலிக்கு வேண்டிய இரசத்துக்காக முந்திரிகை நட்டனர். கிளெயர் பள்ளத்தாக்கின் மிகப் பழைய மதுச்சாலை அவர்கள் தொடக்கியதே. உறோமாபுரியின் ஏழு குன்றுகளை நினைந்து இட்ட பெயர் செவன்ஹில். பிரதான பாதையை விட்டு விலகி, தோட்டங்களையும் காடுகளையும் சுற்றிவரும் வளைய வழிகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று ஹொறொக்ஸின் பெயரையே தாங்கியுள்ளது.

பள்ளத்தாக்கின் ஊடே செல்லும் நெடுஞ்சாலைக்கும் ஹொறொக்ஸின் பெயரே. லொறிகள் விரையும் அச்சாலையிற் பிள்ளைகளை மிதிவண்டியில் அனுப்பப் பெற்றோர் துணியார். றீஸ்லிங் பாதையில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. எனினும், அபாயம் அறவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பாதை தெருக்களைக் குறுக்கறுக்கும் இடங்கள் உண்டு. அங்கே இறங்கி, இருபுறமும் பார்த்தே கடக்கவேண்டும். மதுச்சாலைகள் அருகிலிருப்பதால் மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். மதுமயக்கத்தில் மிதிவண்டி ஓட்டுவதும் அங்கே குற்றமே.

பயணிகள் நினைவிற்கொள்ளவேண்டிய இன்னொன்று உண்டு. அது கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. முந்திரிகை வேரை உறிஞ்சி அழிக்கும் பைலொக்சரா என்னும் நுண்பூச்சி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சின் தோட்டங்களைச் சூறையாடியது. 1877இல் விக்டோரியாவிலும் அது காணப்பட்டது. தென் அவுஸ்திரேலியா 1899இலேயே தனிச் சட்டம் இயற்றித் தன்னைக் காத்துக்கொண்டது. அம்மாநிலத்தில் இப்பூச்சி இன்றுவரை தோன்றியதில்லை. சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடும் தயரில் அப்பிய சேற்றோடும் அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லவல்லது. ஆகையால், கொடி வரிசைகளுக்குள் நுழையாது பாதையிலேயே நிற்கவேண்டும் என்பது வெறும் நாகரிகம் அன்று. தோட்டக்காரர் தம் நிலத்தின் ஓரமாக அந்நியர் செல்ல இசைந்திருக்கின்றார். அந்த இசைவுக்கு ஈடாக அவர் கேட்பது இந்த ஒழுக்கம் ஒன்றையே. ஒருவரின் கவனக்குறைவு, நான்கு தலைமுறைகள் பேணிய கொடிகளை வேரோடு அழித்துவிடக்கூடும்.

இப்பாதையைப் பேணுவோர் பெரும்பாலும் ஊர்த் தொண்டர்களே. மழை அரித்த இடத்திற் சரளை நிரப்புவதும், புல் வெட்டுவதும், மரங்கள் நடுவதும், அறிவிப்புப் பலகைகளைத் திருத்துவதும் அவர்கள் கைவேலை. ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும்; இழுத்த தேரை நிலையிற் சேர்த்த பின்னர் ஆண்டுதோறும் அதன் அச்சையும் சில்லையும் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். பொதுப் பாதையும் அத்தகையதே.

கிளெயர் மக்கள் புதிதாக ஒரு வழி வெட்டவில்லை. இருந்த வழியை அறுபடாது காத்தனர். நெருப்பு பாதையைத்தான் சேதப்படுத்தியது. நிலத்தின் தொடர்ச்சியை அன்று. அத்தொடர்ச்சியை விற்றிருந்தால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பின்னர் அது மீண்டிராது. இன்று அறுவடைக் காலத்து மாலைப்பொழுதில், பழைய நிலைய மேடை அருகே தம் வண்டியைச் சாய்த்து வைத்து, பேரப்பிள்ளையின் சில்லுக்குக் காற்றடிக்கும் முதியவர் ஒருவரை அங்கே காணலாம். புகைவண்டி வரப்போவதில்லை என்பதை இருவரும் அறிவர். ஆனால், அது சென்ற வழி அவர்களுக்காகத் திறந்தே இருக்கின்றது.