விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

இரவு இரண்டு மணிக்கு அப்பா எழும்பிச் சாரத்தைக் கட்டப் பார்க்கிறார். இடது கை சொல்வழி கேட்கவில்லை. "படுத்த கை விறைச்சுப் போச்சு, ஒண்டுமில்லை" என்கிறார். வாயின் ஒரு கரை கொஞ்சம் தொங்கியிருக்கிறது. அம்மா எண்ணெய் எடுத்துத் தேய்க்கிறார். விடிய டொக்டரிட்டைக் காட்டலாம் என்று முடிவாகிறது.

அந்த முடிவுதான் ஆபத்து. இவை பாரிசவாதத்தின் அறிகுறிகள். அது பெரும்பாலும் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுவதால் வருகிறது. மிகுதி, குழாய் வெடித்து இரத்தம் கசிவதால். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்குமுன் சி.ரி. ஸ்கான் எடுத்து, கசிவு இல்லையென்று உறுதிசெய்யவும் வேண்டும். இரண்டு மணிக்குத்தான் தொடங்கியது என்று வைத்தாலும், எட்டு மணிக்குக் கொண்டுபோனால் அந்த ஊசிக்கான நேரம் கடந்துவிடும்.

சந்தேகம் வந்தால் மூன்று காரியம் செய்து பாருங்கள். "சிரியுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள், வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா? "நல்லூர்க் கந்தனுக்கு அரோகரா" என்று சொல்லச் சொல்லுங்கள்; நாக்குக் குழறுகிறதா? ஒன்று பிழைத்தாலும் போதும், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். திடீரெனக் கண் தெரியாமற் போவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும், இதுவரை இல்லாத தலையிடியும் இதே வகைதான்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. காசு வாங்குவதில்லை. ஓட்டோ பிடித்து முதலில் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு என்று இரண்டு பயணம் போவதில் அரைமணி கரையும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். காசில்லை என்று வீட்டில் இருக்கத் தேவையில்லை.

வாகனம் வரும்வரை தண்ணி, தேத்தண்ணி எதுவும் பருக்காதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது சுவாசப்பைக்குள் போகும். அஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவென்றால் நிலைமை மோசமாகும். பிரஷர் ஏறியிருக்கு என்று மேலதிகக் குளிசையும் வேண்டாம். கடைசியாக அவர் நல்லாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கு நல்லாகப் படுத்தவரின் கை நித்திரையால் எழும்பும்போதே விழுந்திருந்தால், வைத்தியர் ஒன்பதரையிலிருந்துதான் கணக்குப் பார்ப்பார். நேரம் பிந்திவிட்டாலும் கொண்டுபோங்கள். வேறு சிகிச்சைகளும் இருக்கின்றன.

கை கால் பத்து நிமிடம் செயலிழந்து பிறகு தானாகச் சரியாகிவிட்டால், "போட்டுது" என்று சும்மா இருக்கிறோம். அது எச்சரிக்கை. அடுத்த இரண்டு நாளில்தான் பெரிய தாக்கம் வரும் வாய்ப்பு மிக அதிகம். அன்றைக்கே போங்கள்.

வராமல் தடுப்பதில் முதலிடம் இரத்த அழுத்தத்துக்கு. அது 140/90ஐத் தாண்டினாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. "தலைசுத்து இல்லை, அதால குளிசையை விட்டிட்டன்" என்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். கிளினிக்கில் உங்கள் மருந்து இல்லையென்றால், வெறுங்கையோடு திரும்பாமல் மாற்று மருந்து எதுவென்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் எல்லாம் ஒரே தட்டில் கூடினால் இந்தக் கணக்கு மத்தியானமே முடிந்துவிடும். சுருட்டையும் விடுங்கள். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலும் காட்டுங்கள். இதயத்தில் கட்டும் இரத்தம் மூளைக்குப் போய் அடைக்கும்.

நெடுந்தீவுக்காரருக்கு இதெல்லாம் இன்னும் முக்கியம். குறிகட்டுவானுக்கு வரவே கடலில் ஒரு மணி நேரம் போகும். அங்கே குளிசையைத் தவறவிடுவது இரட்டை ஆபத்து.

தப்பியவர்களுக்கு பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் சிகிச்சையின் பகுதிதான். வீட்டுக்கு விடும்போது அடுத்த திகதியைக் கேட்டு வாங்குங்கள். 1990 என்ற எண்ணை வீட்டிலுள்ள பேரப்பிள்ளைக்கும் இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள்.